மறுத்த நாளிலிருந்து

கணவன் லாரியில் அடிபட்டுச் செத்ததற்கு வந்த நஷ்டஈட்டில் பாதியை ஃபீஸ் என்று எடுத்துக்கொண்ட வக்கீல் தனபாலன் மீது மரியபுஷ்பம் வழக்குப் போட்டாள். நடுவில் அவர் ஆளனுப்பினார்: ஒரு லட்சம் திருப்பித் தருகிறேன், வக்கீல் மேல் தப்பே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அவள் மறுத்துவிட்டாள்.

தீர்ப்பு வந்தது. வக்கீல் அதிகமாக எடுத்தது உண்மை. தொண்ணூறாயிரம் திருப்பித் தர வேண்டும். ஆனால் அது அவர் தருவதாகச் சொன்ன ஒரு லட்சத்தைவிடக் குறைவு என்பதால், அதை அவள் மறுத்த நாளிலிருந்து அவருக்கு ஆன வழக்குச் செலவு முழுவதும் அவள் தலையில். கழித்துப் பார்த்தால் அவள்தான் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

"எடுத்தது அவருன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் எதுக்குய்யா கட்டணும்?"

"சமாதானத்துக்கு வந்தப்ப நீங்க ஒத்துக்கலையேம்மா," என்றார் நீதிபதி.

"பணத்தை வேண்டாங்கலய்யா. பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னுதான் சொன்னேன்."

நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். மரியபுஷ்பம் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.