கூரை மேல் நடந்தவன்

“அன்னிக்குப் பெஞ்ச பனியில, சர்ச் கோபுரத்து உச்சியில காத்துத் திசை காட்டுற தகரச் சேவல் என் முழங்கால் உயரம்தான் நின்னுது. பாவம், குளிர்ல வெடவெடன்னு நடுங்குச்சு. என் கழுத்துத்துண்டை அவுத்து அதுக்குச் சுத்திவிட்டுட்டு மேல நடந்தேன்,” என்றார் ஹார்க்.

ஒலிப்பதிவுக் கருவியைப் பட்டென்று அணைத்தார் மோம்மே.

தீயணைப்புக் கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எழுபத்தெட்டாம் வருடக் கடைசியில் வடகடலோரத்தை மூடிப்போட்ட பனிப்புயலைப் பற்றி, அதில் பிழைத்தவர்களின் நினைவுகளை ஊர்க்குழு பதிவு செய்துகொண்டிருந்தது. குழுவுக்குத் தலைவர் மோம்மே. அவர் மனைவி டெல்சே வந்தவர்களுக்கு ரம் கலந்த தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எதுக்குடா நிறுத்தினே?” என்றார் ஹார்க்.

“பின்னே? இது காலத்துக்கும் இருக்கப்போற பதிவு. பேரப்பிள்ளைங்க கேட்கும். கோழிக்குத் துணி கட்டின கதையையா ஏத்துறது?”

“சேவல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனா நடந்தேன். புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், மாடி ஜன்னல் வரைக்கும் குவிஞ்ச பனி மேல இறங்கி, கூரை மேலயே ஊரோட அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன்.”

“எதுக்காம்?”

ஹார்க் தேநீரை ஊதினார். “நடக்கணும்னு தோணுச்சு.”

“கேட்டீங்களா? புயல்ல, கூரை மேல, துரை காத்து வாங்கப் போனாராம்.”

மறுபடி சிரிப்பு. ஹார்க்குக்குக் காது சிவந்தது. கையிலிருந்த வெண்ணெய்க் கேக்கைத் தட்டில் பிய்த்துப் போட்டார். தன் வீட்டு அடுப்படிக்குள் திமிங்கிலம் புகுந்ததென்று அவர் அளந்தபோது இதே ஊர் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறது. வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியத்தைச் சொன்னால் மட்டும் பொய்யன் பட்டமா? அதுவும் வருடா வருடம் இதே மோம்மே வாயால்?

“என் பேர் அதுல வரணும்,” என்றார். “மாட்டுக்கொட்டகை புதைஞ்ச கதையை எவனெவனோ சொல்லிட்டுப் போறான். அவனுக்கெல்லாம் இடம் இருக்கு, எனக்கு இல்லையா?”

“உண்மைக்கு இடம் இருக்கு. புளுகுக்கு இல்ல.”

“நடந்தேன்டா.”

“நடக்கவே முடியாதுங்கிறேன்.” மோம்மேவுக்கும் ரோஷம் ஏறிவிட்டது. எழுந்து மேசையைத் தட்டினார். “அன்னிக்கு அடிச்ச காத்து ஆளைத் தூக்கி டென்மார்க்குல போட்டிருக்கும். இந்த ஊர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன் வீட்டைத் தாண்டியிருந்தான்னா என் மீசையை எடுத்துடறேன். இருபத்தஞ்சு வயசுக் காளை நான். நானே அடுப்பை விட்டு நகரலை. எங்கம்மா பக்கத்துல போர்வைக்குள்ள சுருண்டு கிடந்தேன். ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட வாளிதான்.”

கூடமே குலுங்கியது. டெல்சே மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தார்.

“என்னிக்கு? புத்தாண்டுக்கு முந்தின நாளா?”

“ஆமா, அன்னிக்குத்தான்…” சொன்ன பிறகுதான் மோம்மேவின் வாய் நின்றது.

“அப்போ முகமூடி போட்டுக்கிட்டு ஊர்க்கோடியில இருந்த எங்கப்பா வீட்டு மாடி ஜன்னலைத் தட்டினது யாரு?”

புத்தாண்டுக்கு முந்தின நாள் முகமூடியோடு வந்து நிற்பவர் வாயைத் திறக்கக் கூடாது. யாரென்று வீட்டார்தான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால், முகமூடியைக் கழற்றாமலே போய்விட வேண்டும். அந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த முறை அது.

“‘மோம்மே’ன்னு கூப்பிட்டேன். வந்தவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்னான். அப்புறம் பேசாம திரும்பிப் போயிட்டான். வெட்கம்னு நினைச்சேன். வழி திறந்ததும் உன்கிட்ட வந்து கேட்டேன். ‘பின்னே வேற யாரு’ன்னு சொன்னே. அப்படி ஒரு புயல்ல எனக்காக வந்தவனை விட்டுடக் கூடாதுன்னுதானே உன்னைக் கட்டிக்கிட்டேன்.”

மோம்மே ஹார்க்கைப் பார்த்தார். ஹார்க் தட்டில் கிடந்த கேக் துணுக்குகளை மும்முரமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“சொல்லு மோம்மே,” என்றார் டெல்சே. “கூரை மேல நடக்க முடியுமா, முடியாதா?”

மோம்மே மெல்ல உட்கார்ந்தார்.

“நடந்தது உண்மைதான்,” என்றார். “நடந்தவன் இவன்.”