ஒற்றைத் தங்க பூட்ஸ்

சாக்கை அவிழ்த்து, யூஸ்தைன் கடற்கரையில் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஹில்டேவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. கொட்டியதோடு விட்டாரா? ஒரு பாட்டிலை எடுத்துப் புல்லுக்குள் செருகினார். அறுந்த மீன்வலைத் துண்டைப் பாறை இடுக்கில் திணித்தார். இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வலையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

ஹில்டே கைப்பேசியை எடுத்து நாலு படம் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, துக்னாட். தெருவே திரண்டு, கூலி வாங்காமல் செய்கிற பொதுவேலை. நார்வேயின் அந்தக் கடலோரத் தெருவில் அதைக் குடும்பப் போட்டியாகவே ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு சாக்கு, இரண்டு மணி நேரம். மீன் நிறுக்கிற தராசில் எந்த வீட்டுக் குப்பை அதிகம் இழுக்கிறதோ, அந்த வீட்டுக்குத் தங்க நிறம் அடித்த ஒற்றை ரப்பர் பூட்ஸ் பரிசு. முடிவில் எல்லோருக்கும் காப்பி, வாஃபிள்.

மூன்று வருஷமாக அந்த பூட்ஸ் எதிர்வீட்டு பெர்கே குடும்பத்தின் ஜன்னலில் நின்று ஹில்டேவைப் பார்த்துச் சிரிக்கிறது. போன தடவை ஹில்டே வீட்டுச் சாக்குதான் முன்னால் இருந்தது. கடைசி ஐந்து நிமிஷத்தில் பெர்கே எங்கிருந்தோ ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதோடு ஆட்டம் முடிந்தது.

அந்த வயிற்றெரிச்சல்தான் அவளை இங்கே கொண்டுவந்திருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் சாப்பிடும் டாக்கோவைப் பாதித் தட்டில் விட்டுவிட்டு, எங்கே என்ன கிடக்கிறது என்று நோட்டம் பார்க்க வந்திருந்தாள். போட்டிக்கு முந்தின நாள் யாரும் கரைப் பக்கம் போகக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியவளே போட்டிக் குழுத் தலைவி ஹில்டேதான்.

யூஸ்தைன் விஷயம் வேறு. பஸ் ஓட்டுகிறவர், தனி ஆள். குடிவந்த பிறகு நாலு துக்னாட் வந்துபோயிற்று. ஒன்றுக்கும் தலை காட்டியதில்லை. சர்ச்சுக்குப் போகாவிட்டால் அந்தத் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். துக்னாடுக்கு வராதவரைப் பார்த்தால் வணக்கம்கூட அரை மனசோடுதான் வரும்.

ஹில்டே பாறையைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"என்ன பண்றீங்க யூஸ்தைன்?"

அவர் கையிலிருந்த பாட்டில் நழுவியது. "நீங்க... நீங்க இங்க எப்படி?"

"நான் தலைவி. பாதுகாப்பு எல்லாம் சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்." வாய் கூசாமல் சொன்னாள். "வேலை செய்யத்தான் வரமாட்டீங்க. வேலை வைக்க மட்டும் வந்துடுவீங்களோ? நாளைக்குக் காப்பி குடிக்கிறப்ப இந்தப் படத்த எல்லாருக்கும் காட்டத்தான் போறேன்."

யூஸ்தைன் முகம் வெளிறியது.

"காட்டாதீங்க. என்னைத் திட்டுவாங்கன்னு சொல்லல. பசங்களுக்குத் தெரிஞ்சா சப்புன்னு போயிடும்."

பிறகு, திருடிப் பிடிபட்டவர் மாதிரி, தயங்கித் தயங்கிச் சொன்னார். தினமும் முதல் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் கரையோரம் ஒரு நடை நடந்து, ஒதுங்கிய குப்பையையெல்லாம் பொறுக்கிவிடுவாராம். பார்த்துக்கொண்டு சும்மா போக முடியாதாம். அவர் குடிவந்த பிறகு வந்த முதல் துக்னாடில் கரையில் ஒரு மூடிகூட மிச்சமில்லை. பிள்ளைகள் வெறும் சாக்கோடு திரும்பினார்கள். ஒரு சின்னப் பெண், மஞ்சள் மழைக்கோட்டு, தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அந்த மஞ்சள் கோட்டை வாங்கியவளே ஹில்டேதான். அழுதது அவள் மகள் டூவா.

"அதுலேர்ந்து பொறுக்கறத எல்லாம் படகுக் கொட்டகையில சேத்து வெச்சிடறேன். முந்தின நாள் சாயங்காலம் கொண்டாந்து ஒளிச்சு வெப்பேன். தேடி எடுத்தாத்தானே அதுங்களுக்கு விளையாட்டு?"

இந்த மனுஷனுக்குத்தானே நாலு வருஷமாக ஒரு வாஃபிள்கூடக் கொடுக்கவில்லை என்று ஹில்டேவுக்கு வெட்கமாக இருந்தது. அவர் பார்க்கவே நாலு படத்தையும் அழித்தாள்.

"நாளைக்கு நீங்களும் வாங்க. உங்களுக்கும் ஒரு சாக்கு தர்றேன்."

"அய்யோ, வேணாம். எது எங்க கெடக்குன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் போட்டியில இறங்கறது ஏமாத்து இல்லையா? அதனாலதான் வர்றதே இல்ல."

ஹில்டே தலையை ஆட்டிவிட்டு மேட்டில் ஏறினாள். இப்படியும் ஒரு நேர்மையா என்று மனசு நெகிழ்ந்துபோயிருந்தது. நாளைக்கு முதல் வாஃபிளை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

பத்தடி போயிருப்பாள். நின்றாள். பெர்கே வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாக இறங்கி வந்தாள்.

"யூஸ்தைன்... இந்த வருஷம் டயர் ஏதாவது ஒதுங்குச்சா? எங்க வெச்சிருக்கீங்க? ஒண்ணுமில்ல, பாதுகாப்புக்காகத்தான் கேக்கறேன்."