பச்சைப் புள்ளி

சுரங்கக் கூரை சரிந்து சவரிமுத்து உள்ளே புதைந்த நாற்பதாம் நாள், அவன் பேருக்கு வீடு தேடி வந்தது மெமோ. ஷிஃப்ட் முடிந்தும் வெளியே வராததற்கு விளக்கம் தர வேண்டுமாம்.

அவன் மனைவி அமலோற்பவம் அதைக் கசக்கிப் பிடித்தபடி ஆபீசுக்குள் நுழைந்தாள்.

"இறப்புச் சான்று கேட்டா மெமோவா அனுப்புவீங்க?"

அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திரையைத் திருப்பிக் காட்டினார். சுரங்கப் படத்தின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

"அவரு ஹெல்மெட் டேக்லேருந்து சிக்னல் வருதும்மா. சிஸ்டம் அவரு டூட்டியில இருக்காருன்னு சொல்லுது. உசுரோட இருக்கறவருக்கு எப்படி எழுதித் தர்றது?"

மெமோவைக் கிழித்து அவர் முகத்துக்கு நேரே எறிந்தாள் அமலோற்பவம்.

"அப்ப உசுரோட இருக்கற மனுசனை உள்ள வெச்சாய்யா சுரங்க வாயை சிமெண்ட் போட்டு மூடினீங்க?"