கேட்டவனுக்குப் போட்ட சோறு

வென்சிலாசின் அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் கால்பந்தில் கோல் போட்டதும் அவன், மைதானத்துக்கு எதிரே வீட்டு வாசலில் நிற்கும் அவளைப் பார்த்து ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோவான். சோறு போடு, வந்துவிட்டேன் என்று அர்த்தம். தேசிய அணிக்குப் போனபின் டி.வி. வழியாக அதே சைகை. உலகம் அதை ஸ்டைல் என்றது. பிறகு கால்பந்துச் சங்கம் அணியின் வணிக உரிமையை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. கோல் போட்டதும் வீரர்கள் காட்டும் கொண்டாட்டச் சைகையும் அதில் அடக்கம். வென்சிலாசும் கையெழுத்துப் போட்டான்.

"தம்பி, இனிமே கோல் போட்டா கையைச் சும்மா வச்சிருங்க. அந்தச் சைகை பிஸ்கட் கம்பெனிக்குப் போயிருச்சு" என்றார் நிறுவனத்து மேலாளர்.

"எங்கம்மா பாத்துட்டிருப்பாங்க சார்."

"பாக்கட்டும். அதான் விளம்பரத்துல வருதுல்ல?"

இறுதி ஆட்டத்தில் கோல் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கோப்பையோடு ஊர் திரும்பியபோது அம்மா டி.வி. முன்னால் இருந்தாள். திரையில் பிஸ்கட் விளம்பரத்தில் எவனோ ஒரு நடிகன் விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோனான். வாசலில் நின்று வென்சிலாசும் விரலைக் குவித்தான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நடிகனைக் கைகாட்டினாள். டி.வி.க்கு முன்னால் தட்டில் சோறு ஆறிக் கிடந்தது.