கைப்பிடி இருந்த பக்கம்

மோதிர விரலில் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு அவள் புதுக் கதவின் முன்னால் நின்றாள்.

பழைய அலமாரிக் கதவுகளில் எங்கே பொட்டு வைப்பது என்று விரலுக்கே தெரியும். வலது ஓரம், கைப்பிடிக்குச் சற்று மேலே. வருடாவருடம் ஆயுதபூசைக்கு அம்மிக்கு வைத்து, அடுப்புக்கு வைத்து, கடைசியாகக் கதவுகளுக்கு வருவாள்.

விரல் வலது ஓரத்துக்குப் போனது.

அங்கே கைப்பிடி இல்லை.

இடது ஓரத்தில் இருந்தது. அடுத்த கதவிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

திறந்து பார்த்தாள். கதவு வலப்பக்கமாக விரிந்து முழங்கையில் இடித்தது. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது இந்தக் கதவைச் சுற்றிக் கையை விட்டுக் கடுகு டப்பாவை எடுப்பதற்குள் எல்லாம் கருகிவிடும். சமையலறையில் நின்று பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஐயோ பாவம், தப்பாக மாட்டிவிட்டாரே என்றுதான் முதலில் நினைத்தாள்.

தச்சு வேலைக்கு வந்த நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்து கடைசிக் கதவை முடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் அவருக்குப் பாயசம் கொடுத்தபோது வலது கை முழுக்கப் பசை. இடது கையை நீட்ட மனசு வராமல், துணியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்து, வலது கையாலேயே வாங்கிக் குடித்தார். அப்படிப்பட்ட மனிதர் திட்டு வாங்குவதா?

கதவு மாற்றுவதற்கெல்லாம் யாராவது பாயசம் வைப்பார்களா?

அவள் வைத்தாள்.

பழைய கதவுகளைக் கரையான் அடியிலிருந்து தின்றுகொண்டே வந்தது. ஒன்றைக் கொடிக்கயிற்றால் கட்டி வைத்திருந்தாள். கேட்கும்போதெல்லாம், ஆகட்டும் பார்க்கலாம் என்பார் கணவர். போன வாரம் அவராகவே சொன்னார், கதவையெல்லாம் மாற்றிவிடலாம் என்று.

அவள் கேட்காமலே.

வெளிர்பச்சை போடலாமா என்று கேட்டாள். கருநீலம்தான் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது என்றார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டாள். "உங்கப்பாவுக்கு இப்பத்தான் என் கஷ்டம் கண்ணுல பட்டிருக்குது" என்று சிரித்தாள்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, "நல்லதும்மா" என்றாள்.

அவள் குனிந்து, குரலைத் தாழ்த்தி நாச்சிமுத்துவிடம் சொன்னாள்.

"ஏப்பா, கைப்பிடியெல்லாம் பக்கம் மாறிப்போச்சு பாரு. அவர் வர்றதுக்குள்ள மாத்திரு. பார்த்தாருன்னா உன்னைய வைவாரு."

நாச்சிமுத்து நிமிர்ந்து சிரித்தார்.

"மாறலீங்கம்மா. ஐயா சொல்லித்தானுங்க இப்படி வெச்சேன். வீட்டை வாங்கறாங்களே, அந்தம்மாவுக்கு இடது கைப் பழக்கமாமுங்க. வெள்ளிக்கிழமை நான் அளவெடுக்க வந்தன்னைக்கு, நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப ஐயா கூட்டிட்டு வந்தாருங்க. இதே எடத்துல நின்னு கையத் தூக்கித் தூக்கிப் பாத்தாங்க. தை பொறந்ததும் பால் காய்ச்சறாங்களாமே?"

அவள் அடுப்பின் பக்கம் திரும்பினாள். அது எரியவில்லை. இருந்தும் ஒருமுறை திருகி அணைத்தாள்.

"ஆமாமா" என்றாள். "தை பொறந்ததும்தான். மறந்தே போயிட்டேன் பாரு."

நாச்சிமுத்துவின் சிரிப்பு மெல்ல உள்ளே போனது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, முடுக்கி முடித்த திருகாணியையே மறுபடியும் முடுக்கினார்.

மகள் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம், இப்போது அவள் காதில் விழுந்தது.

பின்பக்கம் துவைக்கிற கல்லில் பழைய கதவுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். விறகுக்கு ஆகும் என்று அவள்தான் அங்கே வைக்கச் சொன்னாள். பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்துத் தடித்துப் போயிருந்தன. விரலில் குங்குமம் காய்ந்துவிட்டது. தொட்டித் தண்ணீரில் நனைத்து, அந்தக் கறுப்பின் மேலேயே வைத்தாள்.

அழுகை வரும் என்று சற்று நின்று பார்த்தாள்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

கணவர் நேராகச் சமையலறைக்குத்தான் வந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்தார், மூடினார். புறங்கையால் தட்டிப் பார்த்தார்.

"எப்படி, புடிச்சிருக்கா?"

கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள். "கைக்குத்தான் பழகணும்."

அவர் கூடத்தில் போய் உட்கார்ந்தார். அவள் பாலை அடுப்பில் வைத்தாள். காப்பித்தூள் டப்பாவுக்காகப் புதுக் கதவை இடது கையால் இழுத்தாள். அந்தக் கைக்கு அது எங்கும் இடிக்காமல், சொன்ன பேச்சைக் கேட்பது போலத் திறந்தது. இடது கையாலேயே டப்பாவை எடுத்தாள். இடது கையாலேயே ஆற்றினாள். கொஞ்சம் சிந்தியது.

மகள் கைக்குழந்தையாக இருந்த நாட்களில், வலது கையில் குழந்தை இருந்தால் அதைக் கீழே இறக்கிவிட்டுத்தான் அவருக்குத் தம்ளரை நீட்டுவாள். குழந்தை வீறிட்டு அழும். அழட்டும் என்று நீட்டுவாள்.

வாசற்படியில் சாமான்களைப் பையில் கட்டிக்கொண்டிருந்த நாச்சிமுத்து, அவள் காப்பியோடு வருவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கணவர் வாங்குவதற்குக் கையை நீட்டினார்.

நீட்டிய கை பாதியில் நின்றது. தம்ளரைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளுடைய வலது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் மாற்றவில்லை.