சிவப்புத் துணி மேல் பழி

“கொலை பண்ணிட்டாடி உன் அண்ணி. உள்ள வந்து நீயே பாரு.”

தங்கை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கியே இல்லாமல் பேசினாலும் அடுத்த ஸ்டேஷன்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

கொலையுண்ட போர்வை கட்டிலில் கிடந்தது. மழைக்காலம் முழுக்க அண்ணி உட்கார்ந்து, துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கையால் தைத்த போர்வை. நடுவெல்லாம் வெள்ளை, சுற்றிலும் சாண் அகலத்துக்குச் சிவப்புக் கரை. கழுத்துவரை இழுத்துப் போர்த்துகிற பக்கத்தில், கரையை ஒட்டிய வெள்ளையில் திட்டுத் திட்டாகக் கறை. அண்ணி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்திருக்கிறாள். அது இளஞ்சிவப்பாகப் பரவியதுதான் மிச்சம்.

“வேர்வை பட்டதுக்கே சாயம் விட்டிருக்கு. தைக்கிறதுக்கு முன்னாடி துணியை நனைச்சுப் பாக்கணும்னு இவளுக்குத் தெரியாதா? சளி மருந்தையெல்லாம் டாக்டரே நிறுத்திட்டாரு, ராஜா மாதிரி இருக்கேன். இப்ப என் ஒரே வியாதி இந்தப் போர்வைதான்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “பால்காரன்கிட்டகூடச் சொல்லிட்டேன்.”

“நனைக்காம தைச்சது என் தப்புதாங்க,” என்றாள் அண்ணி.

தங்கைக்குச் சுருக்கென்றது. அந்தச் சிவப்புத் துணி அவளுடைய தையல் கடையிலிருந்து வந்தது.

“என்ன அண்ணா சொன்னே பால்காரன்கிட்ட? என் கடைத் துணி சாயம் போவுதுன்னா? அவன் ஊரெல்லாம் ஊத்திட்டுப் போவான். நாளைக்கு நான் மெஷினை எடைக்குப் போட்டுட்டு உன் வீட்டுலதான் சாப்பாட்டுக்கு உக்காரணும்.”

“உள்ளதைத்தானே சொன்னேன்.”

“உள்ளதா? இரு.”

தன் வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்தாள். சிவப்புக் கரையில் வைத்து, துணி கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்குத் தேய்த்தாள். பிறகு அண்ணன் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

“எங்க சாயம்? காட்டு.”

அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்து கறையைப் பார்த்தார். சவரம் பண்ணும்போது தாடையில் ஒரு கீறல் விழுந்தால்கூட உயில் எழுத வக்கீலுக்கு ஆள் அனுப்புகிற மனிதர் அவர்.

“சாயம் இல்லேன்னா,” குரல் எங்கோ கீழே போயிருந்தது, “இது என்னடி?”

“ஒரு சொட்டுத் தண்ணியில தேய்ச்சா என்ன தெரியும்?” அண்ணி போர்வையைச் சுருட்டி வாரிக்கொண்டாள். “முழுசா முக்கினாத்தான் வண்டவாளம் வெளிய வரும். இருங்க, இப்பவே பாத்துடலாம்.”

விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

“என்னங்க, வந்து பாருங்க.”

ஒரு படையையே வெட்டிச் சாய்த்துக் கத்தியைக் கழுவியதுபோலத் தொட்டித் தண்ணீர் சிவந்து கிடந்தது. அதற்குள் போர்வை, வெள்ளை எது கரை எது என்று தெரியாமல், ஒரே நிறமாக ஊறிக்கொண்டிருந்தது.

அண்ணன் தொட்டியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். போன குரல் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

“பாத்தியாடி உன் கடைத் துணியோட லட்சணத்தை? இதுல இன்னும் நாலு சட்டையை முக்கி எடுக்கலாம் போலிருக்கே. இரு, மாடி வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரேன். அவரும் கண்குளிரப் பாக்கட்டும்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தங்கைக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் தையல்காரி ஆயிற்றே, கை சும்மா இருக்கவில்லை. “வேடிக்கை பாக்காதீங்க அண்ணி. காய விட்டா அப்புறம் உயிரே போனாலும் போகாது. ஈரத்தோடயே அலசி எடுக்கணும். வெந்நீர் வைங்க. பாத்திரம் கழுவுற சோப்பைக் கொண்டாங்க.”

தண்ணீரை வடியவிட்டாள். புதுத் தண்ணீர் பிடித்தாள். அதுவும் சிவந்தது, மறுபடி வடியவிட்டாள். போர்வையைத் தூக்கிப் பிழியும்போது மடிப்புக்குள் ஏதோ மொரமொரத்தது. விரலை விட்டு எடுத்தாள்.

துணிக்குச் சாயம் முக்குகிற பொடியின் பொட்டலம். வாய் கிழிந்து, காலியாக இருந்தது.

அதை அண்ணியின் முன்னால் நீட்டினாள். அண்ணியின் நகக்கண்களில் சிவப்பு ஏறியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

“உங்க கையால தைச்சதை நீங்களே நாசம் பண்ணியிருக்கீங்க. எதுக்கு அண்ணி? என் கடை பேரைக் கெடுக்கவா? அப்படி என்ன செஞ்சேன் நான் உங்களுக்கு?”

மாடிப்படியிலிருந்து அண்ணனின் குரல் அதிர்ந்தது. “சாயம்தான் சார், வெறும் சாயம். காலையில பாத்துட்டு நான்தான் என்னவோன்னு பயந்துட்டேன்.” கூடவே ஒரு பெரிய சிரிப்பு.

அண்ணி அந்தச் சிரிப்பு ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பேச்சு வெளியே கேட்காதபடி குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

“ராத்திரி இருமும்போது வர்ற ரத்தத்தை, அவர் சாயம்னே நினைச்சுக்கட்டும்.”