கோகிலவாணிக்கு இலவசம் இல்லை

வருடாந்திர ரத்தப் பரிசோதனைக்கு எந்த ஆஸ்பத்திரி என்ன விலை கேட்கிறது என்று பார்க்க கோகிலவாணிக்குப் பயம். போனைக் கணவன் லோகநாதனிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யாருக்குப் பெரிய வைத்தியம் தேவைப்படும் என்று ஆஸ்பத்திரிகள் முன்கூட்டியே கணித்துவிடும். அவர்களுக்குப் பரிசோதனை இலவசம். மற்றவர்களிடம்தான் காசு கேட்பார்கள்; நோய் வர வாய்ப்பு குறையக் குறைய விலை ஏறும். மூன்று வருடங்களாக எல்லா ஆஸ்பத்திரிகளும் அவளை இலவசமாகவே கூப்பிட்டன. ஒன்று, காரும் பழக்கூடையும் அனுப்பி அழைத்துப்போய், கிட்னியில் கோளாறு என்றது. அங்கேதான் வைத்தியமும் நடந்தது.

"தொள்ளாயிரம் கேக்கறான் புள்ள."

"நெசமாவா?"

"இன்னொருத்தன் ஆயிரத்து நூறு. கொள்ளைக்காரப் பசங்க!" திட்டும்போதே அவனுக்குச் சிரிப்பு பொங்கியது.

"நமக்கு வைத்தியம் பாத்தாங்களே, அவிங்க என்ன சொல்றாங்க?"

அவள் உடம்பை முழுக்க அறிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய பதில் மட்டும் இன்னும் வரவில்லை. கோகிலவாணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"வந்துருச்சு. ரெண்டாயிரத்து நானூறு! வெறும் வயித்தோட வந்து வரிசையில நிக்கோணுமாம்."

அவள் போனைப் பிடுங்கித் தானே ஒருமுறை வாசித்தாள். பிறகு இன்னொரு முறை, சத்தமாக.

"ரொம்ப அதிகம். கொறைப்பாங்களான்னு கேக்கறேன், கொண்டா" என்று லோகநாதன் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருங்க. பேரம் பேசி அவிங்க எறங்கிட்டாங்கன்னா எனக்குத் தூக்கமே வராது."